இல்லாத சினகோகாவுக்கு வழி சொல்பவள்

கதவு திறந்துவிடுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு கதவடியில் ஒருநாள் முழுக்க நின்று பார்த்ததில்லை. மொண்டெல்லோக் கடற்கரை ஹோட்டல் வாசல்களில் நின்று கால் வீங்கிய நம் தமிழ் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

என்னுடைய கதவு இத்தாலியத் தீவு நகரமான பலெர்மோவின் பழைய யூதர் குடியிருப்பில் இருக்கிறது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு யூதர்களை இந்தத் தீவை விட்டே துரத்திவிட்டார்கள். அவர்களின் தொழுகைக்கூடமான சினகோகா இருந்த இடத்தில், வியா மக்வேதா என்ற பெரிய தெருவைப் பார்த்தபடி இப்போது ஒரு தேவாலயம் நிற்கிறது. பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு சின்ன மண்டபத்தில்தான் இன்றைக்கு இங்குள்ள சில யூதர்கள் தொழுகிறார்கள். அதைக் கூட்டித் துடைப்பதும், பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடுவதும் நான்.

பன்னிரண்டு சோடிச் சப்பாத்து

சேர்ந்த முதல் கிழமை. பழக்கதோசத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் வந்த ஜெர்மன்காரர் பன்னிரண்டு பேரும் அதுதான் முறையாக்கும் என்று நினைத்து, சப்பாத்துகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டார்கள். மாசி மாதம், தரை ஐஸ் மாதிரி.

மண்டபத்துக்குப் பொறுப்பான சிஞ்ஞோரா ரோசா என்னை மெல்லப் பக்கத்தில் கூப்பிட்டு, இங்கே செருப்பு கழற்றும் வழக்கம் இல்லை, ஆண்கள் தலையை மூடினால் போதும் என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய் அவர்களிடம் சொல்லப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடு பிள்ளை, இண்டைக்குத்தான் இஞ்சை எல்லாரும் சத்தம் போடாமல் நடக்கினம்.”

பாஸ்போர்ட் காட்டியவர்

இஸ்தான்புல்லில் இருந்து ஒரு வயதானவர் தனியாக வந்தார். தேவையில்லை என்று சொல்லியும் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். குடும்பப் பெயர் பலெர்மோ. இங்கிருந்து போன முன்னோர் விடாமல் வைத்திருந்தது அந்தப் பெயரை மட்டும்தானாம்.

வெளிக்கிடும்போது வருகைப் புத்தகத்தை நீட்டினேன். பேனையை என்னிடமே திருப்பித் தந்து, நீங்களே எழுதுங்கோ என்றார். எழுதிக் காட்டினேன். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னதை, பதினெட்டு எழுத்துப் பெயரோடு இந்த நாட்டில் வாழுகிற நான் மறக்கவே மாட்டேன்.

“எனக்கு எழுபத்தெட்டு வயசு. எழுத்தெழுத்தாய்ச் சொல்லிக்குடுக்காமல் என்ரை பேரை எழுதின முதல் ஆள் நீங்கள்.”

வசந்தி வாசித்த பலகை

முல்லைத்தீவுக்காரி வசந்தி ஒரு வீட்டில் கிழவியைப் பராமரிக்கிறாள். வியாழன் பின்னேரம் லீவு. பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவள், சந்து முனையில் தெருப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். தெருவின் பெயர் இத்தாலியனில், அதோடு ஹீப்ருவிலும் அரபியிலும்.

அந்த எழுத்து ஆருடையது என்று கேட்டாள். சொன்னேன். அவர்கள் இப்போது இங்கே கனபேரோ என்றாள். விரல்விட்டு எண்ணலாம் என்றேன். மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“ஆக்களைக் கலைச்சு ஐந்நூறு வருசத்தாலை பலகை எழுதியிருக்கினம். எங்களுக்கு எழுதுறதெண்டால் நாங்கள் இருக்கேக்கையே எழுதச் சொல்லு.”

பத்தாவது ஆள்

போன ஐப்பசியில் வெளிநாட்டில் இருந்து ஒரு குழு வந்தது. அதில் ஒருவருடைய தாயின் ஆண்டு நினைவு நாள் அன்று. மகன் சொல்ல வேண்டிய வேண்டுதல் ஒன்று உண்டு. அதற்கு யூத ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். இருந்தது ஒன்பது. பொழுது சாய்வதற்குள் சொல்லவேண்டும். சிஞ்ஞோரா ரோசா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தார், ஒருவரும் ஊரில் இல்லை. அந்த மனிதர் கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தார்.

நான் வியா மக்வேதாவுக்கு ஓடினேன். உல்லாசப் பயணிகள் ஆறாக ஓடுகிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடிகளில் நீ ஆர், எந்த ஆள் என்று கேட்கக் கேட்க வளர்ந்தவள் நான். முன்பின் தெரியாத ஒருவரை மறித்து நீங்கள் யூதரோ என்று எப்படிக் கேட்பது? கடைசியில் ஒருவரையும் மறிக்காமல், எனக்குத் தெரிந்த இத்தாலியனிலும் இங்கிலிசிலும் பொதுவாகச் சொன்னேன்: ஒரு தாய்க்காக மகன் வேண்டப்போகிறார், பத்தாவது ஆள் தேவை. விளங்குகிறவருக்கு விளங்கட்டும்.

எல்லாரும் விலகிப் போனார்கள். பொரித்த சோற்றுருண்டை ஒன்றைச் சாப்பிட்டபடி போன ஒரு இளைஞன் மட்டும் பத்தடி போய்த் திரும்பி வந்தான். பதின்மூன்று வயதுக்குப் பிறகு தான் தொழுததே இல்லை, தன்னையும் எண்ணுவார்களோ என்று கேட்டான். கை துடைக்கக் கடதாசி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய், அவன் கேட்டதை உள்ளே அப்படியே சொன்னேன். தாயை இழந்தவர் எழும்பித் தன் தொப்பியை அவனுக்கு வைத்துவிட்டு, தன் தலையில் கைலேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டார்.

“வா தம்பி, இவ்வளவு நேரமும் உன்னைத்தான் எண்ணிக்கொண்டு இருந்தனாங்கள்.”

மொத்தத்தில், கட்டடம் பார்க்கவென்று வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஆட்களைத்தான் தேடுகிறார்கள். என் கையில் இருப்பதோ கட்டடத்துப் பூட்டின் திறப்பு மட்டும்.