வலிக்காத காயம்

வியாசர்பாடி எம்.கே.பி. நகர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடி சங்கமித்ராவைத் தெரியாதவர்கள் கிடையாது. தண்ணீர் லாரி வரிசையில் குறுக்கே புகுந்தவளின் குடத்தைப் பிடுங்கி நடுத்தெருவில் வீசியவள். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். கணவன் பீம்ராவ் பெயின்டர், சாதுவான மனுஷன். "எங்க வூட்ல கீற ஒரே ஆம்பள அவதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் உண்டு.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ரெசின் கம்பெனியில் அவள் ஒப்பந்தத் தொழிலாளி. பிளைவுட் ஒட்டுவதற்கான ரெசின் அங்கே தயாராகிறது. அதற்கு முக்கியமான சரக்கு ஃபீனால். ஆறினால் கட்டியாக உறைந்துவிடும் என்பதால் டேங்கர் லாரியில் சுடச்சுட வந்து இறங்கும். ஆஸ்பத்திரி வராந்தாவை அப்போதுதான் துடைத்த மாதிரி ஒரு வாசனை. புதிதாக வருகிறவர்கள் அதைச் சுத்தத்தின் வாசனை என்று நினைத்து மூக்கை விரிப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆபரேட்டர் காலித் பெண்களை நிற்க வைத்துச் சொல்லிவிட்டான். "ஆசிட் பட்டா எரியும். நீயே கத்திகினு ஓடுவ. இது அப்டி இல்ல. மொதல்ல சுர்ருங்கும், அப்பால மரத்துப் பூடும். தோலு வெள்ளையா ஆய்டும். வலிக்கலையேன்னு கம்முனு குந்திகினு இருந்தின்னா, தோலு வழியா ரத்தத்துக்குப் போய்கினே இருக்கும். கிட்னி, இதயம் எல்லாத்தையும் அடிச்சிடும். துணிய அவுத்துப் போட்டுட்டு ஷவர்ல போய் நில்லு. சொம்புல மொண்டு ஊத்துற வேலையே ஆவாது, அது இன்னும் பரப்பிவுடும். கொட்ற தண்ணில நிக்கணும்."

அந்த ஷவர், டேங்கர் நிற்கிற இடத்துக்கு எதிரே திறந்த வெளியில் பச்சைக் கம்பமாக நின்றது. பக்கத்தில் தமிழிலேயே பலகை: உடனே உடைகளைக் களையவும். எல்லாம் முறைப்படிதான். அந்தக் கம்பத்துக்குக் கீழே ஒரு பெண் நிற்க நேரலாம் என்பது மட்டும் அதை நட்ட மகாராஜன்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நாலு தகரம் அடித்து ஒரு தடுப்பு வைப்பதில் யாருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

சிலுவையம்மாள் காசிமேட்டுக்காரி. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பல வருஷம் மீன் கூடை சுமந்து கழுத்து போன பிறகு, கம்பெனிக்குக் கூட்டிக் கழுவ வந்தவள். சங்கமித்ராவுக்குக் கை என்றால் அவளுக்கு வாய். முதல் நாளே துடைப்பத்துக்காக இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். காரப்பொடி மீன் குழம்பின் அடிமண்டியை சங்கமித்ராவுக்கென்று தனியாக வழித்து வைப்பாள் சிலுவையம்மாள். யாரையும் கூசாமல் திட்டுகிற அந்த மனுஷி, உடம்பு விஷயத்தில் மட்டும் அப்படிக் கூச்சப்படுவாள். பெண்கள் அறையில் மற்றவர்கள் வெளியே போன பிறகுதான் புடவை மாற்றுவாள். புடவைக்கு மேலே கம்பெனிச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருக்கும். "என் புருசனே என்ன வெளிச்சத்துல பாத்ததில்லடி" என்பாள். பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அன்று மதியம் ஒரு டேங்கர் இறக்கி முடிந்திருந்தது. அடுத்த லாரி கேட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. குழாயைக் கழற்றும் வரை, டேங்கரைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் யாரும் வரக் கூடாது என்பது விதி. சூப்பர்வைசர் சுப்பராயனுக்கு அவசரம். "தரையக் கழுவ ஆரம்பிங்கம்மா, இன்னா பாத்துகினு நிக்கிறீங்க" என்று விரட்டினார். சங்கமித்ராவும் சிலுவையம்மாளும் கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்கள். குழாயின் முனையில் ஃபீனால் உறைந்து அடைத்திருந்தது. நீராவி காட்டி இளக்கிவிட்டு காலித் இணைப்பைத் தளர்த்தினான். அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் மிச்சம் இருந்தது. ஃபீனால் பீய்ச்சி அடித்தது. அவனுக்கு முகத்துக்கு மறைப்பும் உடம்புக்கு ரப்பர் அங்கியும் இருந்தன. சிலுவையம்மாளுக்கு இருந்தது புடவை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை இடது பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது.

"மாதாவே!" என்று துள்ளினாள். பிறகு குனிந்து தொடையைத் தட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடி. சூடாப் பட்டுச்சு. இப்ப தெர்ல."

"வலிக்குதாக்கா?"

"இல்லையே" என்று சிரித்தாள்.

அவள் அலறியிருந்தால்கூடச் சங்கமித்ராவுக்கு இத்தனை பயம் வந்திருக்காது. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் ஷவருக்குக் கீழே தள்ளிப் பிடியை இழுத்தாள். தண்ணீர் கொட்டியது.

"துணிய அவுருக்கா."

"இன்னாடி பேசுற? பைத்தியமா புட்ச்சிகீது?"

அதற்குள் லாரி டிரைவர், லோடு ஏற்றுகிறவர்கள், படிக்கட்டில் நின்றவர்கள் என்று பத்துப் பேர் கூடிவிட்டார்கள். காலித் முதுகைக் காட்டி நின்று, "திரும்புங்கடா டேய்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். சிலர் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. அவர்களை என்ன சொல்லித் திட்டுவது? சிலுவையம்மாள் இரண்டு கையாலும் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யக்கா, உன் கால்ல வுயறேன்க்கா. அவுருக்கா."

"வூட்டுக்குப் போய் அவுக்கிறேன்டி. ஒரு ஆட்டோ மட்டும் புடி."

"வூட்டுக்கு நீ உசுரோட போவ மாட்டக்கா!"

"போனாப் போவுது. மானத்தோட போறேன்." சொல்லும்போதே நாக்கு குழறியது. "தல சுத்துதுடி" என்றாள்.

காலித் தடித்த ரப்பர் கையுறைகளைப் பின்புறமாகத் தூக்கிப் போட்டான். சங்கமித்ரா மாட்டிக்கொண்டாள். பிறகு அவள் கெஞ்சவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. புடவையை உருவினாள். சிலுவையம்மாள் அடித்தாள், பிராண்டினாள், தோளைக் கடித்தாள். கூடை சுமந்த கை, ஒவ்வொரு அடியும் இடி. "வேணாண்டி, வேணாண்டி, உன் புள்ள மேல சத்தியம்டி" என்று அழுதாள். பாவாடை நாடாவின் முடிச்சு ஈரத்தில் இறுகி அவிழ மறுத்தது. "கத்தி!" என்று சங்கமித்ரா அலறினாள். காலித் திரும்பாமலே தரையில் தன் கத்தியைத் தள்ளிவிட்டான். அவள் நாடாவை அறுத்தாள்.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை தோல் வெளிறிச் சுருங்கியிருந்தது, நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய விரல்போல. சிலுவையம்மாள் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அடிக்கத் தெம்பு இல்லை. அதைப் பார்க்கத்தான் சங்கமித்ராவால் முடியவில்லை. "அடிக்கா, அடி, தூங்காத" என்று கதறிக்கொண்டே, கூட்டம் நின்ற பக்கத்தைத் தன் முதுகால் மறைத்து, கொட்டுகிற தண்ணீரிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றப் பெண்கள் ஒரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் வரும்வரை இருந்த ஒரே தடுப்பு அந்த முதுகுதான்.

ஆம்புலன்ஸில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சிறுநீர் கறுப்பாக இறங்கியது. சிறுநீரகம் தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சங்கமித்ரா தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் தரையில் கிடந்தாள். கையுறைக்குள் ஃபீனால் கலந்த தண்ணீர் புகுந்ததில் அவளுடைய மணிக்கட்டும் வெளுத்திருந்தது. நர்ஸ் கவனித்து இழுத்துப் போய்ச் சிகிச்சை செய்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பீம்ராவ் டீ வாங்கி வந்தான், குடிக்கவில்லை. புத்தர் படத்தைத் தவிர வேறு படம் மாட்டாத வீட்டுக்காரி, தனக்குத் தெரியாத மாதாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்: "உன் பேரச் சொல்லித்தான துள்ளுச்சு அது? குட்த்துடு. மரியாதையாக் குட்த்துடு."

நாட்கள் போயின. சிலுவையம்மாள் பிழைத்தாள். உள்ளே விட்டதும் சங்கமித்ரா ஓடிப் போய்க் கட்டிலைப் பிடித்தாள்.

"எத்தினி பேருடி பாத்தானுங்க?" அதுதான் சிலுவையம்மாள் பேசிய முதல் பேச்சு.

"யாரும் பாக்கலக்கா."

"பொய் சொல்லாத. சாவ வுட்டிருக்கலாம்ல?"

"திட்டுக்கா. நல்லாத் திட்டு. திட்றதுக்கு நீ கீறியே, அது போதும்."

ஊரையே திட்டுகிற சிலுவையம்மாள் அவளைத் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இனிமே வராத" என்றாள்.

கம்பெனியில் ஷவரைச் சுற்றித் தடுப்பு வைக்கும்வரை பெண்கள் யாரும் கேட்டைத் தாண்டவில்லை. சங்கமித்ராதான் முன்னால் நின்றாள். ஒரே நாளில் தகரம் வந்தது. ஒரே நாள் வேலை!

சிலுவையம்மாள் திரும்பி வேலைக்கு வரவில்லை. காசிமேட்டில் உட்கார்ந்தபடியே மீன் விற்கிறாள். இடது கால் சரியாக மடங்காது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்கமித்ரா அங்கே போகிறாள். தூரத்திலேயே குரல் கேட்கும். யாரோ வஞ்சிரத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டிருப்பான், அவனுடைய பரம்பரையே சந்திக்கு வந்துகொண்டிருக்கும். அந்த வசவைக் கேட்டதும் சங்கமித்ராவுக்கு வயிறு குளிரும்.

கிட்டே போய் நிற்பாள். சிலுவையம்மாள் நிமிர்ந்து பார்ப்பாள். குரல் சட்டென்று நின்றுவிடும். முழுக்கப் போர்த்தியிருக்கிற முந்தானையை இன்னும் இழுத்து, கழுத்தைச் சுற்றி, முழங்காலையும் சேர்த்து மூடிக்கொள்வாள். சங்கமித்ரா எதிரே இருக்கிறவரை அந்தக் கை முந்தானையை விடாது. மீன் கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கவும் வராது.

அதனால் சங்கமித்ரா அங்கே அதிக நேரம் நிற்பதில்லை.