மூன்றாம் நம்பர் கிரேனின் கை

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கீழே அத்தனை பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. என் கை மேல் இன்னொரு கை இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இருந்தது.

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இருவருக்கும் ஒரே சரக்கு முனையத்தில் வேலை. நாலு மாடி உயரத்துக்கு நின்று, தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன்கள். உச்சியில் கண்ணாடிக் கேபின். அதில் உட்கார்ந்து கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கிப் போய் அடுக்க வேண்டும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு கிரேன். மூன்றாம் நம்பர் அவருடையது, நாலாம் நம்பர் என்னுடையது.

இந்த வேலையில் சூட்சுமம் ஒன்றுதான். இடம் வந்த பிறகு பிரேக் போட்டால் பெட்டி ஊஞ்சலாடும். ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், கரண்டும் வீண், ஆபத்தும் கூட. கெட்டிக்காரன் முன்னாலேயே விசையைக் குறைத்துவிடுவான். மிச்ச வேகத்தில் கிரேன் தானாக உருண்டு போய், சொன்ன இடத்தில் நிற்கும். சகலை அதில் மன்னன். ஆறு வருஷத்தில் அவர் கிரேனிலிருந்து பிரேக் சத்தம் வந்ததே இல்லை. ஒரு பெட்டியிலும் கீறல் இல்லை. கரண்டும் எல்லாரையும் விடக் குறைவு.

எங்கள் வீட்டில் இதே பாட்டுத்தான்.

"அக்கா வீட்டுக்காரர் கையில என்ன மந்திரமோ! நீங்களும் அதே கிரேன்தானே ஓட்டுறீங்க?" என்பாள் மனைவி, தட்டில் சோறு போட்டுக்கொண்டே.

"அவர் கை வேற, என் கை வேற."

"அதான் தெரியுதே."

எனக்கு அப்படி ஒரு வயிற்றெரிச்சல். மறைக்க என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் ஐந்தாம் நம்பர் வந்தது. புத்தம் புதுசு. அதை ஓட்டுகிறவருக்குத் தலைமை ஆபரேட்டர் பதவி. நானா அவரா என்று முடிவு செய்ய மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்றாம் நம்பரில் ஆளுக்கு ஒரு நாள், அதே வேலை. எவர் குறைந்த கரண்டில், ஒரு சேதாரமும் இல்லாமல் முடிக்கிறாரோ அவருக்குப் பதவி. சகலை முதல் நாளே முடித்துவிட்டார். மறுநாள் என் முறை. அவர் என் நாலாம் நம்பரை ஓட்ட வேண்டும்.

ஏணியடியில் எனக்காகக் காத்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சகலை, ரெண்டே விஷயம். பிரேக்கைத் தொடாதீங்க. உள்ள உட்கார்ந்து வாயைத் திறந்து எதுவும் பேசாதீங்க."

"ஏன்?"

"சொன்னாக் கேளுங்க."

பிரேக்கைத் தொடாமல் ஓட்டு என்றால் என்ன அர்த்தம்? எங்கேயாவது மோதித் தொலை என்று அர்த்தம். மனுஷன் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பயந்துவிட்டார் அல்லவா!

மேலே ஏறினேன். ராத்திரி முழுக்க நின்ற கிரேன். ஏணி, கதவு, கைப்பிடி எல்லாம் ஜில்லென்று இருந்தன. சீட்டில் உட்கார்ந்தேன்.

சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

இன்னொன்று. சீட் முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. என் முழங்கால் முன்னாலிருந்த லீவர் பலகையில் இடித்தது. சகலை என்னைவிட ஒரு சாண் உயரம். அவர் இதில் எப்படி உட்காருவார்? பின்னால் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

முதல் பெட்டியைத் தூக்கினேன். ஹாரன் அடித்துவிட்டு நகர்ந்தேன். இந்த இடத்தில் விசையைக் குறைக்கலாம் என்று நினைத்தேன்...

லீவர் முன்பே திரும்பியிருந்தது.

நான்தான் செய்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். கிரேன் உருண்டது. பெட்டி ஒரு அசைவுகூட அசையவில்லை. கோடு போட்ட இடத்தில் போய் நின்றது.

ஆஹா, நமக்கும் வருகிறதே!

இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதும். மத்தியானம்வரை எல்லாப் பெட்டியும் அப்படித்தான். அப்போதுதான் காலுக்குக் கீழே ஒரு சத்தம்.

க்ளிக்.

சீட் முன்னால் நகர்ந்தது. என் முழங்கால் மறுபடி பலகையில் இடித்தது.

மணி பன்னிரண்டு பத்து. மீட்டருக்குப் பக்கத்தில் கடிகாரம். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வலது கையைப் பார்த்தேன். என் கைதான். லீவரின் மேல்தான். ஆனால் புறங்கையில் ஒரு கனம். காய்த்துப்போன, சொரசொரப்பான உள்ளங்கை. அது மெல்ல அழுத்தியது. என் விரல்கள் மடங்கின. லீவர் திரும்பியது.

கத்தியிருக்க வேண்டும். இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. கோபம்.

இதுதானா விஷயம்! இதற்காகவா ஆறு வருஷம் வீட்டில் ஏச்சு வாங்கினேன்? மந்திரக் கை என்று ஊரெல்லாம் புகழ்ந்தது இதைத்தானா?

"கையை எடு," என்றேன். வாய் விட்டே சொன்னேன். "எனக்கு ஓட்டத் தெரியும்."

கனம் போய்விட்டது.

கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. விசையைக் குறைத்தேன். வேகம் குறையவில்லை. பிரேக் போட்டேன்.

கிரீ...ச்.

நிற்கவில்லை.

எதிரே, அதே தண்டவாளத்தில், நாலாம் நம்பர். உள்ளே சகலை எழுந்து நிற்பது தெரிந்தது. கிட்டே போனால் தானாக வேகத்தைக் குறைக்கிற கருவி உண்டு. அது சும்மா இருந்தது. என் பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

வாக்கி டாக்கியில் அவர் குரல்.

"பேசினீங்களா?"

"ஆமா..."

"கூப்பிடுங்க! திரும்பக் கூப்பிடுங்க!"

முப்பது அடி...

இருபது...

"வா!" என்று கத்தினேன். "ஆறு வருஷமா அவருக்கே செஞ்சே! எனக்கும் செய்யேன்! என்கூட வந்துடு!"

கனம்.

புறங்கையில்.

லீவர் திரும்பியது. கிரேன் மெதுவாக, மிக மெதுவாக, நாலாம் நம்பருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பெட்டி ஆடவில்லை.

சாயங்காலம் மீட்டரைப் பார்த்தார்கள். சகலையை விடக் குறைந்த கரண்ட். சேதாரம் இல்லை. மோதப் போன கிரேன் ஒரு முழத்தில் நின்றதைக் கீழே இருந்தவர்கள் என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தார்கள். தலைமை ஆபரேட்டர் பதவி எனக்கு. மனைவி அக்காவுக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினாள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன், பொய் சொல்வானேன்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் நம்பர், தண்டவாளம் முடிகிற இடத்தில் இருக்கும் தடுப்பில் போய் மோதியது. ஆறு வருஷத்தில் முதல் விபத்து. சகலைக்கு இடது கால் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"எனக்கு முன்னாடி மூணாம் நம்பர்ல ஒரு குட்டையான ஆள் இருந்தார்," என்றார். "மாரடைப்பு. சீட்டுலயே போயிட்டார். காலையிலயே உயிர் போயிருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க."

"சரி..."

"அன்னிக்குச் சாயங்காலம் ஷிப்ட் முடியிற வரைக்கும் அந்தக் கிரேன் ஓடியிருக்கு சகலை. எல்லாப் பெட்டியும் அடுக்கி முடிச்சு, காத்துக்கு நகராம தண்டவாளத்துல கிடுக்கியும் போட்டு நின்னுச்சு. ஆள் இறங்கி வரலையேன்னு ஏறிப் பார்த்தாங்க. விறைச்சுப் போயிருந்தார். கை லீவர் மேல."

"அவரைக் கூப்பிடச் சொன்னேன்," என்றார். "உங்ககூட வரச் சொன்னீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அது என்ன பார்வை என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் நான் அவரைப் பார்த்த பார்வை.

மறுநாள் காலை முதல்முறையாக ஐந்தாம் நம்பரில் ஏறினேன். யாரும் உட்கார்ந்திராத கேபின். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

சீட் முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

உறையின் மேல் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் லீவே போட்டதில்லை. காய்ச்சலிலும் போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் ஓய்வெடுங்கள், வேறொருவரை உட்கார வைக்கிறோம் என்கிறார் மேலாளர். நல்ல மனதோடுதான் சொல்கிறார்.

ஆனால் வேறொருவன் கை மேல் அந்தக் கை படுவதை நினைத்தாலே... எனக்கு வயிறு எரிகிறது.