ஸ்ரீரங்கத்தில் கேட்ட "தைஜோபு"

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, மதுரையிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் கடந்து, திருச்சி பஞ்சப்பூர் பஸ் நிலையத்தில் இறங்கினேன். என்னோடு நர்சிங் படித்த மலர்விழி காத்திருந்தாள். காட்டூரில் வீடு, தனியார் மருத்துவமனையில் வேலை. ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் பணிக்குப் போக வேண்டுமென்று ஒரு வருடமாக ஜப்பானிய மொழி படிக்கிறாள். முதல் தேர்வில் தோற்றுவிட்டாள். மறுபடி விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். முப்பத்தெட்டு வயதில் இது தேவையா என்ற குழப்பத்தில்தான் என்னை வரச் சொல்லியிருந்தாள்.

மாலை ஆறு மணிக்கு அவளுடைய வகுப்பில் நானும் உட்கார்ந்தேன். காட்டூரில் ஒரு மருந்துக்கடையின் மாடி. மாதம் இரண்டாயிரம் ரூபாய். ஆசிரியை நஸ்ரீன் ஜப்பானில் நான்கு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர், எங்களைவிட இளையவர். பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் திருவெறும்பூர்ப் பக்கத்து வெல்டர்கள். "மிசு" என்றால் தண்ணீர், "நோமிமாஸ்" என்றால் குடிக்கிறேன். தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருகிறது. எனக்கு அது வியப்பாக இருந்தது.

அன்றைய பாடம் "தைஜோபு" என்ற ஒரே சொல். கீழே விழுந்தவர் சொன்னால் 'எனக்கு ஒன்றுமில்லை'. டீ வேண்டுமா என்று கேட்கும்போது சொன்னால் 'வேண்டாம்'. நம் ஊர் 'பரவாயில்லை'யைப் போலத்தான் என்றார் நஸ்ரீன். பிறகு மலர்விழியைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, வயசானவங்க தைஜோபுன்னா உடனே நம்பிடாதீங்க. அடுத்தவங்களுக்குத் தொந்தரவு வேணாம்னும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினோம். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி பஸ் மாறினோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது, விண்ணப்பிக்கப் போவதில்லை என்று மலர்விழி மெதுவாகச் சொன்னாள். சொற்கள் மனதில் நிற்பதில்லையாம்.

பதினொன்றேகால் மணி இருக்கும். தரிசனம் முடித்து ரங்கவிலாச மண்டபத்துக் கடைகளைத் தாண்டும்போது, தூணோரம் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி சரிந்து உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும். கணவர் அருகில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். கூட வந்த வழிகாட்டி ஆங்கிலத்தில் கேட்ட எதற்கும் அந்த அம்மாள் சிரித்தபடி "தைஜோபு, தைஜோபு" என்றுதான் சொன்னார்.

"வெயில்தாங்க, கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்," என்றார் வழிகாட்டி.

மலர்விழி நின்றுவிட்டாள். அந்த அம்மாளின் விரல்கள் நடுங்குவதையும் சட்டை நனையும்படி வியர்த்திருப்பதையும் நானும் பார்த்தேன். மலர்விழி அவர் முன்னால் மண்டியிட்டுக் கையைப் பிடித்தாள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "தோன்யோபியோ தெஸ்கா?" என்று கேட்டாள். சர்க்கரை வியாதியா என்று அர்த்தம்.

அந்த முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "ஹாய்," என்றார். ஆமாம். கணவர் அவசரமாகப் பையைத் திறந்து இன்சுலின் பேனாவைக் காட்டினார். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார்கள் என்பது அவர் கைச்சாடையிலேயே புரிந்தது.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, உடனே இனிப்பு வேண்டும் என்று நான் கடைக்கு ஓடினேன். மாம்பழ ஜூஸ் பாட்டில் இருபது ரூபாய். மலர்விழி அதை அவர் வாயருகே பிடித்து, "அமாய் தெஸ். நோன்தே குதசாய்," என்றாள். இனிப்பானது, குடியுங்கள். அந்த அம்மாள் குழந்தையைப் போலக் குடித்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. வழிகாட்டி இட்லி வாங்கி வந்து கொடுத்தார். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஹோட்டலுக்குப் போக வேண்டுமென்று அவரிடம் மலர்விழி கண்டிப்பாகச் சொன்னாள்.

விடைபெறும்போது அந்த அம்மாள் அவள் இரு கைகளையும் பற்றி, "தசுகரிமாஷ்தா," என்றார். மலர்விழிக்கு அந்தச் சொல் தெரியாது. தெற்கு வாசலுக்கு வந்ததும் நஸ்ரீனுக்குப் போன் செய்தாள். வெறும் நன்றியில்லை, 'உங்களால் பிழைத்தேன்' என்று சொல்வது போல என்று விளக்கம் வந்தது. அவள் போனை வைத்தாள். பிறகு, கோபுர நிழலில் நின்றபடியே செல்போனில் விண்ணப்பத்தைத் திறந்தாள்.

ஞாயிறு மாலை நான்கு மணி, மறுபடி பஞ்சப்பூர். மதுரையில் என் மருத்துவமனைக்கும் வெளிநாட்டு நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் சிரித்தால் நானும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

போயிட்டு வரேன் என்பதை ஜப்பானில் எப்படிச் சொல்வார்கள் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "இத்தே கிமாஸ். அப்படியே அதே அர்த்தந்தான்டி," என்றாள். வீட்டில் இருப்பவர் சொல்லும் பதில், "இத்தெராஷாய்". போயிட்டு வாங்க.

விராலிமலை தாண்டும்வரை அந்த இரண்டாவது சொல்லைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விமானம் ஏறும் நாளில் வாசலில் நின்று அதைச் சொல்ல வேண்டியவள் நான்.