பூபதி வானத்தைப் பற்றிப் பேசாத ஞாயிற்றுக்கிழமை

செவ்வாய்ப்பேட்டையில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் பூபதி தெருவில் நடந்து வந்தால் பார்க்கிறவர்களுக்குப் பதறும். பார்வை மேகத்தில் இருக்கும், கால் அது பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். ஆட்டோக்காரர்கள் திட்டித் திட்டி அலுத்துப்போய், இப்போதெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

"இன்னைக்கு மழை வருங்களாண்ணா?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது கதை. கடைக்குள் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து சொல்லுவார்.

"வெயிலு மண்ணைச் சுட வெக்குதுங்க. மண்ணு காத்தைச் சுட வெக்குது. சூடான காத்து ஈரத்தையும் தூக்கிக்கிட்டு மேல போவுது. அங்க குளுந்து மேகமாவுது. கனம் தாங்கலீன்னா மழையும் குளுந்த காத்துமாப் பொத்துனு எறங்கிருது. ஊர்ல சேந்த சூட்டையெல்லாம் மேல கொண்டுபோய்க் கொட்டற வேலைங்க அது. இடிமழைன்னு ஒண்ணு இல்லீன்னா சித்திரையில நாமெல்லாம் வெந்தே போயிருப்போம்!"

பேச்சு சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் மழை வரும் என்று தார்ப்பாய்க் கடைக்காரரே சொன்னால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்? "யாவாரத்துக்குச் சொல்றாரப்பா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது மச்சான் வெள்ளியங்கிரி விஷயம்தான்.

வெள்ளியங்கிரி, பூபதியின் மனைவி சத்யபிரியாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறார். வறுத்த ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். மழை பட்டால் கூழாகிவிடும். மழைக்குப் பயந்து ஈரத்தோடு குவித்து மூடிவைத்தாலும் புழுங்கிப் புளித்துப்போகும். மூடினாலும் பயம், திறந்தாலும் பயம். அந்தக் கோடையில் மாப்பிள்ளை பேச்சைக் கேட்டு வெள்ளியங்கிரி இரண்டு தடவை களத்தை மூடினார். இரண்டு தடவையும் மழை நாமக்கல்லில் கொட்டித் தீர்த்தது. ராசிபுரத்தில் ஒரு பொட்டு இல்லை. கோடை இடி அப்படித்தான், பக்கத்து ஊரை நனைத்துவிட்டு இந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் புளித்த ஜவ்வரிசிக்கு முன்னால் நின்று அதை எப்படி விளக்குவது? "இனி அவரு பேச்சைக் கேட்டு நான் களத்தை மூடுனா என்னைக் கேளு" என்று தங்கையிடம் போனில் சொல்லிவிட்டார் வெள்ளியங்கிரி. பூபதிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் பேச்சு குறைந்துபோயிற்று. அதைச் சரிக்கட்டத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். பஸ் ஏறும்போதே சத்யபிரியா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வானத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க."

பூபதி சத்தியம் செய்தார். முகம் மட்டும் பல் பிடுங்கப் போகிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

விருந்து பிரமாதம். வெள்ளாட்டுக் கறிக்குழம்பும் பச்சைப்புளி ரசமுமாக மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தவர், கொல்லிமலைப் பக்கம் பார்த்தார். அடுப்பில் பால் பொங்குவதுபோல் வெள்ளை மேகம் மலைக்கு மேலே பொங்கிப் பொங்கி எழுந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தார். சத்யபிரியா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

நல்லவேளை, களத்தை மூடச் சொல்ல அவர் தேவைப்படவில்லை. மலையில் இடி உருண்டதுமே களத்து ஆட்களை வைத்து வேலை வாங்கும் சென்னியம்மாள் குரல் கொடுத்தாள். பெண்கள் ஜவ்வரிசியைக் களத்தின் நடுவே குவித்துத் தார்ப்பாய் போட்டார்கள். மழை மலையோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்து, மறுபடி சுள்ளென்று வெயில் அடித்தது. கிழக்கேயிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது.

"அவ்வளவுதான், மழை போயிருச்சு. தார்ப்பாயை எடுங்க சாமி, சரக்குப் புழுங்கிப் போயிரும்" என்றார் வெள்ளியங்கிரி.

பூபதிக்குப் பகீரென்றது. சில்லென்ற காற்று வந்தால் மழை முடிந்தது என்றுதான் களத்துக்காரர்கள் நினைப்பார்கள். அவர் போனில் மழையைக் காட்டும் ரேடார் படத்தைப் பார்த்தார். ஏற்காட்டுப் பக்கமும் ஒரு இடிமழை இப்போதுதான் ஓய்ந்திருந்தது. அதிலிருந்து இறங்கிய குளிர்காற்று வடக்கேயிருந்து வந்துகொண்டிருக்கும். இதோ கொல்லிமலைக் காற்று கிழக்கேயிருந்து வந்துவிட்டது. இரண்டும் வந்து முட்டினால் நடுவில் மாட்டிய சூடான காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி கிடையாது. செத்த மழை இரண்டும் சேர்ந்து புதிதாக ஒன்றைப் பெற்றுப்போடும். அதுவும் இந்தக் களத்துக்கு நேர் மேலே!

சொல்லவும் முடியாது. சத்தியம் இருக்கிறது. சொன்னாலும் மச்சான் கேட்கப்போவதில்லை.

பூபதி விறுவிறுவென்று போனார். குவியலுக்கு மேலே, தார்ப்பாயின் நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

களம் சிரித்தது. வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னங்க மாப்ள இது? எந்திரிங்க."

"முடியலீங்க மச்சான். உங்க ஊட்டுச் சாப்பாடு அப்படி. வயிறு எந்திரிக்க விட மாட்டேங்குது."

"சரக்குப் புளிச்சுப் போயிருமுங்க!"

பூபதி தார்ப்பாயின் மடிப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். மச்சான் முகம் சிவப்பதைப் பார்த்து உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். இந்தத் தடவையும் கணிப்பு தப்பினால் இந்த வீட்டுப் படியை இனி மிதிக்க முடியாது. சுத்தமான நீல வானத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கே சந்தேகம் வந்தது.

சத்யபிரியா அண்ணனைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருந்தது அவளுக்கு என்னவோ செய்தது. விருந்துக்குக் கட்டி வந்த பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துபோய், அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயுமா?" என்றார் வெள்ளியங்கிரி.

"எனக்கும் வயிறு நெறைஞ்சுதாண்ணா இருக்குது."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். வெயில் காய்ந்தது. தார்ப்பாய்க்கு அடியில் சரக்குப் புழுங்கியது. மேலே புருஷனும் பொண்டாட்டியும் புழுங்கினார்கள்.

பிறகு வடக்கே செம்மண் புழுதி எழுந்தது. தலைக்கு மேலே இருந்த சின்ன வெள்ளைத் துணுக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்து, அடிவயிறு கறுத்தது. காற்று ஓங்கி ஓர் அறை விட்டது. தார்ப்பாயின் ஓரம் படபடவென்று மேலே எழும்பியது. "ஐயோ, புடிங்க!" என்று சென்னியம்மாள் கத்தினாள். உள்ளேயிருந்து யாரோ ஓடி வந்து, எழும்பிய ஓரத்தின்மேல் குப்புற விழுந்தார்கள். வெள்ளியங்கிரி! வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு. அடுத்த நொடி மழை கொட்டியது.

பெண்களும் ஓடி வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். ஜவ்வரிசி மட்டும் நனையவில்லை. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது, களமே சிரித்தது.

குப்புறக் கிடந்த வெள்ளியங்கிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினார்.

"மாப்ள, இது எப்போங்க நிக்கும்?"

அந்தக் கோடையில் மச்சான் தானாக அவரிடம் மழையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பூபதி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றாள் சத்யபிரியா. "சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கிட்டேன்."

பூபதி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் சொட்டிக்கொண்டிருந்த போனைத் தடவினார்.

"தெரியலீங்களே மச்சான்" என்றார். "கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருங்க, சேந்து பாக்கலாம்."