மெழுகின தரையில் விழுந்த கோடு

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, மற்ற இரண்டும் செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள். ஆறு பேரும் நல்லாயிருக்கிறார்கள்.

பல வருஷத்துக்கு முன்னே தெல்தோட்டைப் பக்கம், மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், நானும் மகனும் மருமகளும் இருந்தோம். ஒரு மழைக்குப் பிறகு எங்கள் மண்தரையில் வெடிப்பு விழுந்தது. மண்சரிவு பார்க்கிற கண்டி கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி, நாங்கள் மாத்தயா என்போம், வந்து வெடிப்புக்கு இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்டில் புள்ளி வைத்தார்.

"அம்மா, தினமும் காலையில இந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல அளந்து எழுதுங்க. கூடினா மலை நகருது. உடனே போன் பண்ணுங்க."

அடிமட்டமும் கொப்பியும் தந்தார். எனக்கு எழுத்துக் கூட்டி எழுத வரும், இலக்கம் வரும். லயத்தில் அத்தனை பேர் இருக்க, என்னிடம்தானே தந்தார்!

பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? "என்னக்கா, கந்தோரு வேலையா? பென்சன் உண்டா?"

"உண்டு. உனக்குத் தரமாட்டேன், போடி."

மூன்று வெள்ளிக்கிழமை அந்த இடத்தை விட்டுவிட்டுத் தரை மெழுகினேன். நாலாவது வெள்ளி கை மறந்துபோனது. சாணியைக் கரைத்து ஒரேயடியாக மெழுகிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் புள்ளியும் இல்லை, வெடிப்பும் இல்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடாத மழை. பகல் சோறு போடும்போது மெழுகின இடத்தில் மயிரளவு கோடு தெரிந்தது. சாணி காய்ந்தால்தான் வெடிக்கும். இதுவோ தொட்டால் கையில் ஒட்டுகிறது! தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் கோட்டில் விரல் நுனி இறங்கியது. போன் போட்டேன். "இப்பவே எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க" என்றார் மாத்தயா.

"சாணி வெடிச்சதுக்கா வீட்டை விட்டு ஓடச் சொல்ற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, விரலைக் கோட்டுக்குள் விட்டேன். உடனே போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவள் கிளம்பவும் லயமே கிளம்பியது.

மறுநாள் காலையில் மண் இறங்கி எங்கள் வீட்டையும் அவள் வீட்டையும் கொண்டுபோனது. ஸ்கூலில் தலை எண்ணினோம். ஒன்றும் குறையவில்லை. நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினோம். அப்பவும் அதே கணக்குத்தான்.

மாத்தயா வந்து, நான் கையோடு எடுத்து வந்திருந்த கொப்பியைப் பார்த்தார். கடைசி இரண்டு நாளுக்கு இலக்கம் இல்லை.

"மருமக தெரியாம மெழுகிட்டா" என்றேன். மருமகள் என்னைப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். "நாங்களும் சில இடத்துல வெடிப்பு மேல சாந்து பூசித்தான் பார்ப்போம், அம்மா. அது வெடிச்சா மலை நகருதுன்னு தெரிஞ்சுடும்."

மெழுகினது நான்தான். இத்தனை வருஷம் கழித்து எழுதிவிட்டேன்.

ஏ புள்ள, என் மகன் பெத்தவளே, இங்கே வா. இதை முதலிலிருந்து வாசி. அடுப்படியில இருக்கிற உங்கம்மாவுக்கும் கேட்கணும், சத்தமா வாசி.