படுக்கத் தெரியாத அக்கா

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத பிறவி. எங்கள் வீட்டில் மதியம் அண்ணன், தம்பி, நாங்கள் இருவர் என நான்கு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும். கடைசி ஆள் உட்காரும்வரை யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. மாமனார் காலத்து வழக்கம். கடைசி ஆள் எப்போதும் அக்காதான். கன்றுக்குட்டி கயிற்றில் சிக்கிக்கொண்டதா, கோழி பாத்தியில் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு அவர் வருவதற்குள் எல்லாம் ஆறிப்போகும். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் நான் ஒருநாளும் சூடாகச் சாப்பிட்டதில்லை.

அப்படிப்பட்டவர் தொழுவத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, "ஆறு வாரம் இந்தக் கால் தரையில படக் கூடாது. பட்டா ஆபரேஷன்தான். அப்புறமும் பழையபடி நடப்பீங்கன்னு சொல்ல முடியாது" என்றார். மூன்று ஏக்கரும் இரண்டு மாடும் அந்தக் காலை நம்பித்தான் இருந்தன.

முன்னறையில் கட்டில் போட்டோம். அங்கிருந்து தொழுவமும் தெரியாது, தோட்டமும் தெரியாது. அதனால் என்ன? அக்கா காதாலேயே பண்ணையை நடத்த ஆரம்பித்தார்.

"மோட்டார் காத்து இழுக்குது, யாராவது போய்ப் பாருங்க!"

"வாளியை யாருடி தரதரன்னு இழுக்கறது? தூக்கிட்டுப் போனா என்ன?"

"கறுப்பி கழுத்து மணி ஒரே இடத்துல கெடந்து ஆடுது. தொட்டியில தண்ணி இல்ல, போ!"

போய்ப் பார்த்தால் தொட்டி காலியாகத்தான் இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடினேன். "டாக்டர் காலுக்கு மட்டும் கட்டுப் போட்டுட்டாரே" என்று அக்காவின் கணவர் கொல்லையில் நின்று முணுமுணுத்தார். அதுவும் முன்னறையில் கேட்டுவிட்டது. அன்று முழுவதும் அவருக்கு அர்ச்சனைதான்.

ஐந்தாம் வாரம் டாக்டர் பார்த்தார். எலும்பு கூடி வருகிறது, ஆனால் ஆள் இளைத்துவிட்டார், நன்றாகத் தூங்க வேண்டும் என்றார். சத்தம்தானே தூங்க விடாமல் பண்ணுகிறது என்று நான் யோசனை செய்தேன். மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் மோட்டாரை நிறுத்தினேன். கறுப்பியின் மணியை அவிழ்த்து வைத்தேன். கோழிகளைக் கடைசி வேலிப் பக்கம் விரட்டினேன். அண்ணன் தம்பி இருவரையும் பின்வழியாகப் போகச் சொல்லிவிட்டு, அவரைக்காய் பறிக்கப் போனேன். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

ஒரு கூடை நிரம்பியதும் திரும்பி வந்தேன். கட்டில் காலி. போர்வை வாசல்வரை இழுபட்டுக் கிடந்தது.

அக்கா தொழுவத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டு நடுவில் விரிந்து, சாணியில் ஊறியிருந்தது. கால் நேராக இல்லை. கூடையைப் போட்டுவிட்டு, கார் பிடிக்கச் சொல்லி ஆண்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினேன்.

"ஏன்க்கா? கறுப்பிக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சீங்களா?"

"அதெல்லாம் இல்லடி." அக்கா கறுப்பியைப் பார்த்தார். "காது வலிக்கக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். ஒரு தப்புச் சத்தமும் வரல. நான் இல்லாமலே எல்லாம் சரியா நடக்குது போலன்னு..."

அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் நல்ல எண்ணத்தில் நெருப்பு வைக்க என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அதற்குள் ஆண்கள் இருவரும் கார் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கையையும் தோளையும் கொடுத்துத் தூக்கினோம். "எல்லாம் எங்க சரியா நடக்குதுக்கா?" என்றேன். "மோட்டார் காயில் கருகிப் போச்சு, அதான் சத்தமே இல்ல. கோழி எல்லாம் கீரைப் பாத்தியைக் கிளறிடுச்சு. கன்னுக்குட்டி ஒரு சொட்டு விடாம பாலைக் குடிச்சிடுச்சு." எல்லாம் பச்சைப் பொய்.

அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "கொஞ்ச நேரம் கண்ண மூட முடியுதா உங்கள நம்பி? கன்னை யாரு அவுத்து விட்டது? நீதானே?"

"நான்தான்க்கா" என்றேன். ஆஸ்பத்திரி வரும்வரை திட்டினார்.