செல்வராணி மேடத்தின் வலது கால்

கந்தர்வக்கோட்டையில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் செல்வராணியிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேருக்கு இன்னும் ஓட்டத் தெரியாது என்பது அவளுடைய கருத்து. டிரைவிங் ஸ்கூலில் டைப் அடிக்க வேலைக்குச் சேர்ந்தவள், மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குக் கிளம்பிப்போன வாரத்தில் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் இறங்கவில்லை.

அந்த சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்தில் ஒரு கிளட்ச் உண்டு, ஒரு பிரேக் உண்டு. ஆக்ஸிலேட்டர் கிடையாது. படிக்க வருகிறவர்கள் மிதிப்பார்கள், மேடம் பிடிப்பாள். பேருந்துக்குக் குறுக்கே பாய்ந்தவர்கள், டீக்கடைக்குள் நுழையப் பார்த்தவர்கள் எல்லாரையும் நிறுத்தியது அவளுடைய வலது கால்தான். அந்தக் காலுக்கும் ஓர் ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதித்துப் பார்த்துவிட வேண்டும். வெளியே சொன்னால் ஸ்கூல் பெயர் கெட்டுவிடும். புருஷன் ரெங்கராஜிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அவர் தன் பைக் சாவியை மறைத்து வைக்கிறார்.

அந்த ஆசைக்கு வழி திறந்தவர்கள் ஒரு மச்சானும் ஒரு மாப்பிள்ளையும். முந்திரி வியாபாரி உதயசூரியன் சென்னைக்குப் போய், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, யாரோ ஓட்டி அலுத்ததை, வாங்கி வந்தார். முந்நூறு குதிரைத்திறன். ஊரே வாயைப் பிளந்தது. அவர் தங்கை புருஷன் விக்ரம் கத்தாரிலிருந்து லீவில் வந்து அதைப் பார்த்தான். மூன்றாம் நாள் ஆளைக் காணவில்லை. பத்தாம் நாள் அதே கம்பெனி, அதே மாடல், சிவப்பு நிறக் காரில் வந்து இறங்கினான். பின்பக்கம் ‘எஸ்’ என்று ஓர் எழுத்து மட்டும் கூடுதல். அந்த ஓர் எழுத்துக்கு நூறு குதிரை அதிகம்.

அப்புறம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மஞ்சளுக்கு ஐந்து புள்ளி ஒன்று நொடி, சிவப்புக்கு நாலு புள்ளி நாலு என்று கம்பெனிப் புத்தகம் சொன்னது.

"புத்தகத்துல ஆயிரம் எழுதுவான். நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள" என்றார் உதயசூரியன்.

"ஓட்டிப் பாத்துருவோமா மச்சான்?" என்றான் விக்ரம்.

யார் ஓட்டுவது? அவரவர் காரை அவரவர் ஓட்டினால் தோற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மாற்றி ஓட்டினால் வேண்டுமென்றே மெதுவாகப் போனதாகச் சண்டை வரும். ஒருத்தருக்குத் தங்கையாகவும் இன்னொருத்தருக்குப் பெண்டாட்டியாகவும் இருந்து களைத்துப்போன திலகவதிதான் கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டையும் ஒரே காலு மிதிக்கணும். செல்வராணி மேடத்தக் கூப்புடுங்க. நம்ம மூணு பேருக்கும் அவங்கதான கத்துக்குடுத்தாங்க."

செல்வராணி போனில் யோசிப்பது போல நடித்தாள். "ஞாயித்துக்கெழம வேல கெடக்கு. நீங்க இவ்வளவு கேக்குறதால வாரேன்" என்றாள். போனை வைத்துவிட்டு, ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாள்.

பிள்ளைகள் சேராமல் பூட்டிக் கிடந்த பாலிடெக்னிக் ஒன்றின் உள்ரோடுதான் களம். கேட்டிலிருந்து கட்டிடம் வரை நூல் பிடித்தாற்போல ஒரு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் முந்திரி மரம். சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கி, சருகு கூட்டி, ஆடு வராமல் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். வேகத்தை அளந்து நொடி காட்டும் சின்னக் கருவியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திலகவதி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செல்வராணி பெல்ட் போட்டாள், கண்ணாடியைத் திருத்தினாள், ஈ காக்காய் இல்லாத ரோட்டில் இண்டிகேட்டரும் போட்டாள். மிதித்தாள். மஞ்சள் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஏழு புள்ளி ஒன்று. அடுத்து சிவப்பு. இன்னும் பெரிய உறுமல், இன்னும் பெரிய பாய்ச்சல். ஏழு புள்ளி பூஜ்யம்.

"நான் அப்பவே சொல்லல? ரெண்டும் ஒண்ணுதான்!" உதயசூரியன் துண்டைச் சுழற்றி ரோட்டிலேயே ஓர் ஆட்டம் போட்டார். விக்ரம் முகம் செத்துவிட்டது. வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே போனில் நம்பரைத் தேடினான். ஏழு நொடி எப்படி வந்தது என்று இரண்டு பேரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர, மேடத்தின் காலை ஒருவரும் சந்தேகப்படவில்லை. சாமியைச் சந்தேகப்பட்டாலும் படுவார்கள்.

செல்வராணிக்குத் தெரியும். இரண்டு தடவையும் அவள் கால் பாதி வழியில் நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் பிரேக்கைத் தேடியது. பாதி மிதியில் முந்நூறு குதிரையும் நானூறு குதிரையும் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், மரியாதை அப்படியே இருக்கும். ஆனால் கால் மேல் அவளுக்கு வந்த கோபம் அப்படிப் போக விடவில்லை.

"விக்ரம், போன வையிங்க" என்றாள். "வண்டியில ஒரு கொறையும் இல்ல. நான்தான் முழுசா மிதிக்கல. பயந்துட்டேன்."

உதயசூரியனின் துண்டு அந்தரத்தில் நின்றது. "மேடம், நீங்களா?"

"நானேதான். சாவியக் குடுங்க."

மறுபடி மஞ்சளில் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்த திலகவதியின் காலடியை எட்டிப் பார்த்தாள். திலகவதி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன் பக்கம் பிரேக் இல்லையேடி" என்றாள் செல்வராணி.

"இல்லதான் மேடம். இன்னைக்கு ஒங்களப் புடிக்க ஆளே இல்ல. மிதிங்க!"

மிதித்தாள். மிதி தரையில் போய் முட்டியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, "ஆத்தாடி!" என்ற சத்தம் யாருடையது என்று புரிவதற்குள் நூறு வந்துவிட்டது. ஐந்து புள்ளி இரண்டு. இறங்கியவள் நிற்காமல் சிவப்பில் ஏறினாள். இதில் ஆத்தாடி சொல்லக்கூட நேரமில்லை. ‘ஆ’ என்பதற்குள் நாலு புள்ளி ஐந்து. கட்டிடத்துக்கு வெகு முன்னாலேயே அழகாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். திலகவதியும் சிரித்தாள். எதற்கென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

கேட் பக்கம் திரும்பி வந்தபோது ஆண்கள் இருவரும் அடுத்த சண்டையைத் தொடங்கியிருந்தார்கள்.

"பாத்தீங்களா மச்சான், புள்ளி ஏழு நொடி வித்தியாசம்!"

"புள்ளி ஏழு நொடிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? கண்ண மூடித் தொறக்குற நேரம்!"

செல்வராணி திலகவதியை இறங்கச் சொன்னாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த கருவியைப் பிய்த்து விக்ரம் கையில் கொடுத்தாள்.

"இன்னொரு தரமா? டைம்தான் வந்துருச்சே மேடம்" என்றான் அவன்.

"அது ஒங்களுக்கு எடுத்தது. எல்லாரும் ஓரமா அங்கிட்டுப் போய் நில்லுங்க."

இடது பக்கக் கதவைச் சாத்தினாள். அந்த சீட்டில் இப்போது யாரும் இல்லை. வலது காலை மிதி மேல் வைத்து, ஒரே அழுத்தாக அழுத்தினாள்.